அவள் தனியாக ஓடவில்லை

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு கவிதை எழுதினேன். வில்மா ருடால்ஃப் பற்றியது. இளம்பிள்ளை வாதம் தாக்கிய காலை இழுத்து இழுத்து நடந்த ஒரு கறுப்பினச் சிறுமி, ஒருநாள் இரும்புப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட ஆரம்பிக்கிறாள், 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்குகிறாள் என்று போகும். அந்தக் கவிதையில் அவளையும் அவள் காலையும் தவிர வேறு யாரும் கிடையாது. கூட்டங்களில் வாசித்தபோது கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கவிதை தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் படிப்பு வட்டத்தில் ஒருநாள் அதை வாசித்து முடித்ததும் ஒரு கல்லூரித் தம்பி கேட்டான்: "அக்கா, அந்தப் பொண்ணுக்கு ஓடக் கத்துக்குடுத்தது யாரு? எந்த கிரவுண்டுல ஓடுச்சு? தண்ணிக் குழாய்கூட கறுப்பருக்குத் தனியா வெச்சிருந்த ஊர்ல, அதுக்கு ஷூ யாரு வாங்கிக் குடுத்தா?"

மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. 'கறுப்பர் போராட்டம்' என்று வாய் ஓயாமல் பேசுகிறோம். மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், ரோசா பார்க்ஸ் என்று பெயர்களை அடுக்குகிறோம். ஒரு கறுப்பர் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது, அதில் படித்த பெண் பிள்ளைகள் சாயங்காலத்தில் என்ன செய்தார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பகலெல்லாம் வங்கிக் கவுன்ட்டரில் மற்றவர்கள் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிற எனக்கு, ராத்திரிகள் மட்டும்தான் சொந்தம். சில மாதங்கள் அந்த ராத்திரிகளில் தேடிப் படித்தேன். படித்ததை வைத்துப் பேசுகிறேன்.

*

முதலில் ஒரு பொய்யை உடைக்க வேண்டும்.

அமெரிக்காவில் பள்ளிப் பெண்களின் விளையாட்டு 1972இல்தான் தொடங்கியது என்பதுபோல ஒரு பேச்சு உண்டு. அந்த வருஷம் வந்த கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிலையமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. கணக்கு பயங்கரமானது, இல்லையென்று சொல்லவில்லை. 1971-72இல் உயர்நிலைப் பள்ளி அணிகளில் விளையாடிய ஆண்பிள்ளைகள் 36 லட்சத்து 66 ஆயிரத்துச் சொச்சம். பெண்பிள்ளைகள் 2 லட்சத்து 94 ஆயிரம். 2018-19இல் பெண்கள் 34 லட்சம். சட்டம் சாதித்தது பெரிய காரியம்.

ஆனால் அந்த 2 லட்சத்து 94 ஆயிரம் என்ற சின்ன எண் எப்படி வந்தது? பெண்கள் அதுவரை விளையாட ஆசைப்படாமல் இருந்தார்களா? கிடையாது. 1900களின் தொடக்கத்திலேயே ஊருக்கு ஊர் பெண்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். திட்டம் போட்டு நிறுத்தினார்கள். நிறுத்தியதில் படித்த பெண்களும் உண்டு என்பதுதான் கசப்பான விஷயம்.

1923இல் தேசிய அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பில் ஒரு பெண்கள் பிரிவு தொடங்கப்பட்டது. தலைமை தாங்கியவர் லூ ஹென்றி ஹூவர். பின்னால் ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவரின் மனைவி. உடற்கல்வி ஆசிரியைகள், மருத்துவர்கள் எல்லாம் கூடி முடிவெடுத்தார்கள். பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே பெண்கள் போட்டி வேண்டாம், மாநிலக் கோப்பை வேண்டாம், டிக்கெட் போட்டு ஆள் சேர்க்க வேண்டாம். போட்டியின் படபடப்பு பெண்ணின் நரம்புக்கு ஆகாது, கர்ப்பப்பைக்கு ஆகாது என்ற மருத்துவப் பேச்சும் கூடவே ஓடியது.

நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் எல்லாரும் முட்டாள்கள் இல்லை. ஆண்கள் விளையாட்டில் பணமும் சூதும் புகுந்து நாறுவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அஞ்சு பேர் ஆட ஐந்நூறு பேர் வேடிக்கை பார்ப்பதைவிட எல்லாப் பெண்ணும் ஆடட்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? 'விளையாட்டு நாள்' என்று ஒன்று வந்தது. நாலைந்து பள்ளிப் பெண்களை வரவழைத்து, கலந்து கட்டிப் புதுக் குழுக்களாகப் பிரிப்பார்கள். எந்தப் பள்ளியும் ஜெயிக்காது, எந்தப் பள்ளியும் தோற்காது. கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, பலகாரம் சாப்பிட்டு வீட்டுக்குப் போகலாம். பயிற்சி இல்லை, சீசன் இல்லை, அடுத்த வாரம் பழிவாங்கப் போகிற எதிரணி இல்லை. ஜிம்னாசியமும் பணமும் கோச்சும் பையன்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 1971இல்கூட கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு நீதிபதி, போட்டி விளையாட்டு நம் பையன்களிடம் ஒரு குணத்தை வளர்க்கிறது, அந்தக் குணம் நம் பெண்களுக்குத் தேவையில்லை என்று தீர்ப்பு எழுதினார்.

'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு இதுதான் அர்த்தம். உன் நல்லதுக்குத்தான் கதவைச் சாத்துகிறேன் என்பார்கள். சாத்துகிறவரின் குரல் தேனாக இருக்கும்.

*

இனி நான் கவிதையில் எழுதாமல் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

அந்தப் 'பாதுகாப்பு' எல்லாப் பெண்ணுக்கும் கிடைத்ததா? வில்மாவின் அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர். அப்பா ரயிலில் சுமை தூக்கியவர். அப்பாவின் இரண்டு திருமணங்களிலும் சேர்த்து 22 பிள்ளைகள். வில்மா 20ஆவது. அந்த அம்மா தரை துடைத்தபோது, துணி வெளுத்தபோது, எந்த மருத்துவரும் கர்ப்பப்பையைப் பற்றிக் கவலைப்படவில்லை. நரம்பைப் பற்றிக் கருத்தரங்கு போடவில்லை. உழைக்கிற பெண்ணுடம்புக்கு 'மென்மை' என்ற சலுகை எந்தக் காலத்திலும் தரப்பட்டதில்லை. பஞ்சு பொறுக்கலாம், மூட்டை தூக்கலாம். பந்தைத் தூக்கினால் மட்டும் ஆபத்தா?

அதனால்தான் தெற்கு மாநிலங்களின் கறுப்பர் பள்ளிகள் பலவற்றில் பெண்கள் கூடைப்பந்து நிற்கவில்லை. நிற ஒதுக்கல் அந்தப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் அடைத்து வைத்திருந்தது. அரசு அந்தப் பள்ளிகளுக்குப் பிச்சை போடுவதுபோலப் பணம் தந்தது. அந்தப் பிச்சைக்குள்ளேதான் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து ஒரு உலகத்தைக் கட்டினார்கள். பையன்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே ராத்திரியில் அடுத்தடுத்து ஆடும். ஊரே வந்து உட்காரும். வெள்ளையர் நகரத்தில் அவர்களுக்கு நுழைய முடிந்த தியேட்டர் குறைவு, பூங்கா குறைவு. பள்ளிக்கூட ஜிம்தான் திருவிழா.

டென்னசி மாநிலம் க்ளார்க்ஸ்வில்லில் பர்ட் உயர்நிலைப் பள்ளி அப்படி ஒன்று. கறுப்பர் பள்ளி. வில்மாவின் காலைக் குணப்படுத்த சொந்த ஊரில் கறுப்பருக்கு மருத்துவம் கிடையாது. வாரம் தவறாமல் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி நாஷ்வில்லுக்கு, மெஹாரி என்ற கறுப்பர் மருத்துவக் கல்லூரிக்கு, பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து அம்மா அழைத்துப் போனார். வீட்டில் அக்கா அண்ணன்கள் முறை வைத்துக் காலைத் தேய்த்துவிட்டார்கள். 'அற்புதம்' என்று நான் கவிதையில் எழுதினேனே, அது இதுதான். ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் மாறி மாறித் தேய்த்த கை.

பர்ட் பள்ளியின் கூடைப்பந்து அணிக்கு அவள் போனது அக்கா இவோனைத் தொடர்ந்து. உடனே ஆடவிட்டுவிடவில்லை. நீண்ட காலம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோச் க்ளின்டன் கிரே அவளுக்கு 'ஸ்கீட்டர்' என்று பெயர் வைத்தார். கொசு என்று அர்த்தம். எப்போது பார்த்தாலும் ஆடவிடு ஆடவிடு என்று காதருகே ரீங்காரம் போட்டதால். கடைசியில் இறங்கினாள். ஒரே சீசனில் 803 புள்ளிகள். ஆடும்போது அவள் ஓட்டத்தைக் கவனித்த ஒரு நடுவர் இருந்தார், எட் டெம்பிள். நாஷ்வில்லின் கறுப்பர் பல்கலைக்கழகமான டென்னசி ஸ்டேட்டில் பெண்கள் தடகளக் கோச். கோடை விடுமுறையில் பள்ளி மாணவிகளைத் தன் மைதானத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுப்பவர். வில்மாவையும் அழைத்தார்.

இதற்கிடையே நான் கவிதையில் மறைத்த இன்னொன்று. அலபாமாவில் டஸ்கீகி கல்லூரி நடத்திய பெரிய போட்டிக்கு முதன்முதலாகப் போனபோது வில்மா ஓடிய எல்லாப் பந்தயத்திலும் தோற்றாள். ஏன் தோற்றாள்? ஜார்ஜியாவிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் வந்த கறுப்பர் பள்ளிப் பெண்கள் அவளைவிட நன்றாக ஓடினார்கள். அதாவது, அவளைத் தோற்கடிக்கிற அளவுக்குப் பயிற்சி பெற்ற ஒரு கூட்டமே அங்கே இருந்தது! டஸ்கீகி 1929 முதலே அந்தப் போட்டியில் பெண்களுக்கு இடம் கொடுத்து வந்தது. அட்லாண்டாவில் டேவிட் டி. ஹோவர்ட் பள்ளியில் மரியன் ஆம்ஸ்ட்ராங்-பெர்கின்ஸ் என்ற ஆசிரியை பெண்களுக்குத் தடகளப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பள்ளியில் படித்த மில்ட்ரெட் மெக்டேனியல் 1956 மெல்போர்னில் 1.76 மீட்டர் தாண்டி உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். அதே பள்ளியில் படித்த மார்கரெட் மேத்யூஸ் அதே ஒலிம்பிக்கின் தொடர் ஓட்டத்தில் வில்மாவோடு சேர்ந்து ஓடி வெண்கலம் வாங்கினார். வில்மாவுக்கு அப்போது வயசு 16. பள்ளி மாணவி.

1960 ரோமில் தொடர் ஓட்டத் தங்கம் வாங்கிய நாலு பேரும் டெம்பிளின் மாணவிகள். அவரிடம் பயின்றவர்களில் 40 பேர் ஒலிம்பிக் போனார்கள். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. கல்லூரியில் தினம் இரண்டு மணி நேரம் வேலை பார்த்துப் படித்தார்கள். வெளியூர்ப் போட்டிக்குக் காரில் போவார்கள். வழியில் எந்த ஓட்டலும் சாப்பாடு தராது, எந்தக் கழிப்பறையும் திறக்காது. கட்டுச்சோறும் சாலையோரப் புதரும்தான். தங்கப் பதக்கத்தின் பின்பக்கத்தில் அந்தப் புதரும் இருக்கிறது. நம் கவிதைகள் அதைக் காட்டாது.

*

வெள்ளையர் பக்கத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதையும் சொன்னால்தான் விஷயம் முழுசாகும்.

அயோவா மாநிலம். சோளமும் பன்றியும் விளைகிற நாடு. 1920இலிருந்து அங்கே பெண்களுக்கு மாநிலக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. 1925இல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம், பெண்கள் போட்டியை இனி நடத்த மாட்டோம் என்று முடிவெடுத்தது. சின்னச் சின்ன ஊர்ப் பள்ளிகளின் நிர்வாகிகள் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்து பெண்களுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கினார்கள். பெரிய நகரப் பள்ளிகள் பல பத்தாண்டுகள் எட்டியே நின்றன. கிராமங்கள் ஆடின.

காரணம் அதேதான். மாட்டில் பால் கறந்து, வைக்கோல் கட்டுத் தூக்கி வளர்ந்த பெண்ணைப் பார்த்து 'உனக்குப் பலம் இல்லை' என்று சொன்னால் அவள் அப்பாவே சிரிப்பார். ஆட்டத்தின் விதிகளில் மட்டும் பழைய பயம் ஒட்டிக்கொண்டிருந்தது. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் புள்ளி எடுக்க, மூன்று பேர் தடுக்க. பாதி மைதானத்தைத் தாண்டக்கூடாது, பந்தை இரண்டு தடவைக்கு மேல் தரையில் தட்டக்கூடாது. பெண் களைத்துவிடுவாளாம்! அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டே அவர்கள் ஆட்டத்தைத் தீயாக்கினார்கள். மார்ச் மாதம் டிமாய்ன் நகரத்து அரங்கில் மாநிலப் போட்டி நடந்தால் அரங்கம் நிரம்பி வழியும். 1968 இறுதி ஆட்டத்தில் யூனியன்-விட்டன் பள்ளி எவர்லி பள்ளியைக் கூடுதல் நேரத்தில் 113-107 என்று வென்றது. டெனிஸ் லாங் மட்டும் 64 புள்ளிகள். அடுத்த வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி அவர் பெயரைத் தன் தேர்வுப் பட்டியலில் சேர்த்தது. லீக் தலைமை அது செல்லாது என்றது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பர் பள்ளி, ஏழை விவசாயிகளின் கிராமப் பள்ளி. எங்கே பெண்ணின் உழைப்பு இல்லாமல் வீடு நடக்காதோ, அங்கே பெண்ணின் விளையாட்டு பிழைத்தது. எங்கே பெண் வீட்டுக்குள் வைக்கும் அலங்காரப் பொருளோ, அங்கே அது செத்தது. ஆனால் இரண்டும் ஒன்று என்றும் சொல்லிவிடாதீர்கள். அயோவாப் பெண் ஜெயித்தால் ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. கறுப்பினப் பெண் ஜெயித்தால் என்ன நடந்தது?

ஆலிஸ் கோச்மன் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனிக்காரர். வெறுங்காலோடு மண் ரோட்டில் ஓடிப் பழகியவர். பெண்பிள்ளை இப்படித் தாண்டிக் குதிக்கலாமா என்று அப்பா திட்டினார். கோரா பெய்லி என்ற ஆசிரியையும் அத்தையும்தான் தூக்கி நிறுத்தினார்கள். 1939இல் டஸ்கீகியின் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். படிப்புச் செலவுக்காக ஜிம்மைக் கூட்டிப் பெருக்கினார், சீருடைகளுக்குத் தையல் போட்டார். 1948 லண்டனில் 1.68 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். ராஜா ஆறாம் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார். ஊருக்கு வந்ததும் வரவேற்பு. நகர மண்டபத்தில் கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம். மேடையில் இருந்த மேயர் அவருக்குக் கை கொடுக்கவில்லை. விழா முடிந்து பக்கவாசல் வழியாகத்தான் வெளியே போனார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து வில்மா ஊருக்கு வந்தபோது, நிறம் பிரித்து நடத்துகிற வரவேற்புக்கு நான் வரமாட்டேன் என்றார். ஊர்வலமும் விருந்தும் எல்லாரும் கலந்து நடந்தன. க்ளார்க்ஸ்வில் வரலாற்றில் அதுவே முதல் தடவை. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? இரும்புப் பட்டையைக் கழற்றிய நிமிஷத்திலா? பர்ட் பள்ளியின் பெஞ்சிலும், டஸ்கீகியில் தோற்ற மண்ணிலும், சாலையோரம் சாப்பிட்ட கட்டுச்சோற்றிலும் சேர்ந்தது அது.

கறுப்பர் மத்தியிலும் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. படித்த கறுப்பர் நடுத்தர வர்க்கத்துக்கு வெள்ளைக்காரச் சீமாட்டியின் நாகரிகம் தொற்றிக்கொண்டது. வட கரோலினாவின் பென்னட் கல்லூரி 1930களில் பெண்கள் கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறந்தது. 1940களில் அதுவே போட்டி ஆட்டத்தைக் கைவிட்டது. கண்ணியம் என்ற பெயரில் நம்மை ஒதுக்கினவனின் அளவுகோலையே நாம் கையில் எடுக்கிற வியாதி இது. எல்லா ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் வருகிறது.

*

கடைசியாக, என்னைத் தூங்கவிடாத விஷயம்.

1954இல் உச்ச நீதிமன்றம் தனித்தனிப் பள்ளிகள் செல்லாது என்றது. நியாயமான, மகத்தான தீர்ப்பு. அதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் நடைமுறைப்படுத்தும் அதிகாரம் யார் கையில் இருந்தது? 1960களின் கடைசியிலும் 1970களிலும் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது, பெரும்பாலும் மூடப்பட்டவை கறுப்பர் பள்ளிகள். கறுப்பினத் தலைமை ஆசிரியர்கள் பதவி இறக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். கோச்சுகளும் அதில் அடக்கம். பல ஊர்களில் அந்தப் பள்ளிகளின் கோப்பைகள் குப்பையில் போடப்பட்டன. அணியின் பெயர், நிறம், பாட்டு எல்லாம் போயிற்று. பெண்களுக்கு அணியே வைத்திராத வெள்ளையர் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த கறுப்பினப் பெண்ணுக்கு, சமத்துவம் கிடைத்த அன்றே பந்து பறிபோனது.

ஆக, 1972இல் சட்டம் வந்தபோது அதைப் 'பெண்களுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு' என்று எழுத வசதியாகப் போயிற்று. குப்பையில் கிடந்த கோப்பை சாட்சி சொல்ல வராதே!

இதைச் சொன்னால் சில தோழர்கள் கோபப்படுவார்கள். 'தனிப் பள்ளியே நல்லது என்கிறாயா?' என்று. இல்லை. தனிப் பள்ளி வெள்ளை நிறவெறி கட்டிய கூண்டு. கூண்டு உடைய வேண்டியதுதான். ஆனால் கூண்டுக்குள் இருந்தவர்கள் கட்டியதையும் சேர்த்து உடைத்துவிட்டு, வெளியே வந்தவர்களைப் பார்த்து 'உங்களிடம் ஒன்றும் இல்லை, நாங்கள் தருகிறோம்' என்பதற்குப் பெயர் சமத்துவம் இல்லை. எந்த இணைப்பைப் பற்றிப் பேசினாலும் யார் பள்ளி மூடப்படுகிறது, யார் ஆசிரியர் வேலை போகிறது, யார் கோப்பை எந்த அலமாரியில் இருக்கும் என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'தடைகளைத் தாண்டிச் சாதித்த தனி ஒருத்தி' கதை நமக்கு ரொம்பப் பிடிக்கும். ஆதிக்கத்துக்கும் அது ரொம்பப் பிடிக்கும். 'அவளால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியவில்லை?' என்று நம்மையே கேட்க அது உதவும். சோவியத்தோடு பனிப்போர் நடந்த காலத்தில் அமெரிக்க அரசுக்கும் வில்மா அப்படித்தான் உதவினார். 1963இல் அவரை ஆப்பிரிக்காவுக்கு நல்லெண்ணத் தூதராக அனுப்பினார்கள். பர்ட் பள்ளிக்கூடத்தை யாரும் எந்த நாட்டுக்கும் அனுப்பவில்லை.

அந்தக் கவிதையை நான் இப்போது கூட்டங்களில் வாசிப்பதில்லை. திருத்தி எழுதப் பார்த்தேன். அக்கா இவோன் வந்தார், காலைத் தேய்த்த அண்ணன்கள் வந்தார்கள், கோச் கிரே வந்தார், டஸ்கீகியில் அவளைத் தோற்கடித்த பெண்கள் வந்தார்கள். வரி நீண்டுகொண்டே போகிறது, கவிதையாக நிற்க மாட்டேன் என்கிறது. பரவாயில்லை. கைதட்டல் குறைந்தாலும் ஆட்கள் இருக்கட்டும்.

யாராவது ஒரு தனி வீரரின் கதையைச் சொன்னால் அந்தத் தம்பி கேட்டதையே நீங்களும் கேளுங்கள். கத்துக்குடுத்தது யாரு? எந்த கிரவுண்டு? ஷூ யாரு வாங்கிக் குடுத்தா?